கூலன்ட் எங்கே போகிறது?

திண்டுக்கல்லிலிருந்து மேற்கே வரும் கார் கன்னிவாடி வரை பெரிதாகச் சிரமப்படுவதில்லை. தருமத்துப்பட்டியைத் தாண்டி ஆடலூர், பன்றிமலை நோக்கிச் சாலை ஏறத் தொடங்கியதும் நிலைமை மாறிவிடும். கியர் இறங்குகிறது, இன்ஜின் மும்முரமாகச் சுழல்கிறது, வண்டியோ மெல்ல நகர்கிறது. முன்பக்கம் மோதும் காற்று குறைந்துபோக, ரேடியேட்டரைக் குளிர்விக்கும் வேலை முழுவதும் மின்விசிறியின் தலையில் விழுகிறது. சமவெளியில் மாதக்கணக்கில் மறைந்திருந்த கூலன்ட் குறைபாடு முதல் சில கொண்டையூசி வளைவுகளிலேயே டேஷ்போர்டில் விளக்காக எரிவது இதனால்தான்.

வளைவில் எரிந்த விளக்கு நேர்ச்சாலையில் அணைந்துவிட்டால், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். அப்படி மறக்கக் கூடாது. கூலன்ட் தொட்டிக்குள் இருக்கும் மிதவை, மட்டம் இறங்கும்போது சுவிட்சைத் தூண்டும். வண்டி சாயும்போது மட்டும் விளக்கு எரிகிறது என்றால், மட்டம் ஏற்கெனவே விளிம்புக்கு வந்துவிட்டது என்று பொருள். இன்னொரு சிக்கலும் உண்டு. மட்டத்தை அறியும் சென்சாரே இல்லாத கார்கள் நம் சாலைகளில் ஏராளம். அவற்றில் இருப்பது வெப்பநிலை விளக்கோ முள்ளோ மட்டும்தான். கூலன்ட் மிகவும் குறைந்து, வெப்பச் சென்சாரைச் சுற்றித் திரவமே இல்லாமல் போனால், இன்ஜின் கொதிக்கும்போதுகூட முள் அமைதியாக நிற்கக்கூடும்.

எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. கிட்டத்தட்ட அதே அளவு புகையோடு போய்விடும். மிச்ச வெப்பத்தில் பெரும்பகுதியை வெளியே கொண்டுபோவது கூலன்ட். 1888இல் பெர்தா பென்ஸ் மான்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமுக்குத் தம் கணவர் உருவாக்கிய காரில் நூறு கிலோமீட்டருக்கு மேல் போனார். அந்த வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகித்தான் இன்ஜினைக் குளிர்வித்தது. அதனால் வழி நெடுகத் தண்ணீர் தேடி ஊற்ற வேண்டியிருந்தது. இன்றைய கார் அப்படியல்ல, சுற்றோட்டம் மூடப்பட்டது. ஆண்டுக்கணக்கில் மிகச் சிறிதளவு குறையலாம். அடிக்கடி ஊற்ற வேண்டியிருந்தால் எங்கோ கசிகிறது. ஊற்றுவதால் விளக்கு அணையும், கசிவு நிற்காது.

தேடலை ரேடியேட்டர் மூடியிலிருந்து தொடங்கலாம். விலை மலிவான இந்தப் பொருளின் வேலை மிகப் பெரியது. உள்ளே சுமார் ஒரு பார் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கி, கொதிநிலையை உயர்த்தி வைக்கிறது. கொடைக்கானல் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஓடும் இன்ஜினின் இயல்பு வெப்பமே 90 டிகிரியை ஒட்டியது. மூடியின் ரப்பர் வெடித்து அழுத்தம் நிற்காமல் போனால், சமவெளியில் சரியாக ஓடிய வண்டி மலைமேல் பொங்கி வழிவதில் வியப்பில்லை.

மூடி சரியாக இருந்தால் ஹோஸ் பைப்புகளின் கிளிப் அருகே உலர்ந்த வெண்படிவோ கூலன்ட் நிறக் கறையோ தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. சீல் தேய்ந்தால் அதில் சொட்டும். இரவில் வண்டிக்கடியில் அட்டை விரித்துவைத்தால் சொட்டும் இடம் காலையில் தெரியும். முன்சீட்டுக் கால்மிதி ஈரமாகி, இனிப்பு வாடையோடு கண்ணாடியில் பிசுபிசுப்பான பனி படிந்தால் ஹீட்டர் பகுதியில் கசிவு. வெளியே எங்கும் ஈரமில்லாமல் மட்டம் மட்டும் இறங்கினால்தான் கவலை அதிகம். சூடான இன்ஜினிலும் அடர்ந்த வெண்புகை, ஆயில் மூடியில் பால்நிறக் கூழ் இரண்டும் ஹெட் கேஸ்கெட்டைச் சுட்டுகின்றன. அதற்குமேல் வண்டியை ஓட்டாமல், அழுத்தம் ஏற்றிச் சோதிக்கும் கருவி உள்ள மெக்கானிக்கிடம் கொண்டுசெல்வதே சரி.

ஊற்றும் தண்ணீரைப் பற்றித் திண்டுக்கல் வட்டாரத்தில் தனியாகவே பேச வேண்டும். இது கடினப் பாறை நிலம். பல ஊர்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். வெந்நீர் காய்ச்சும் அண்டாவில் வெள்ளையாகப் படிவதே இன்ஜினின் சூடான உட்சுவரிலும் படிகிறது. சூடேறும்போது கரைந்திருந்த கால்சியம் உப்பு கார்பனேட்டாகப் பிரிந்து ஒட்டிக்கொள்ளும். அந்தப் படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. தண்ணீரிலுள்ள குளோரைடு அலுமினியத்தைத் துளைபோட்டு அரிக்கும். திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலின் கழிவு கலந்த நிலத்தடி நீரில் அது இன்னும் அதிகம். நடுவழியில் வேறு வழியில்லை என்றால் குடிநீர் பாட்டிலை ஊற்றி ஊர் வந்து சேரலாம். பிறகு முழுவதையும் வடித்துவிட்டு நிரப்ப வேண்டும்.

நிரப்ப ஏற்றது எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும். பாதிக்குப் பாதி கலவை சாதாரண அழுத்தத்திலேயே 106 டிகிரி அருகில்தான் கொதிக்கும். பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறம் பார்த்து வாங்குவது ஆபத்து: நிறத்துக்குப் பொது விதி எதுவுமில்லை, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உரிமையாளர் கையேட்டில் சொன்ன வகைதான் சரி. அரிப்புத் தடுப்பு மருந்துகள் வேறான இரண்டைக் கலந்தால் கூழாகத் திரிந்து குழாயை அடைக்கலாம்.

மலையில் விளக்கு எரிந்தால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி இன்ஜினை நிறுத்த வேண்டும். சூடாக இருக்கையில் மூடியைத் தொடவே கூடாது; அழுத்தம் விட்டதும் கொதிதிரவம் முகத்தில் பாயும். வெந்த இன்ஜினில் சில்லென்ற தண்ணீர் ஊற்றினால் உலோகம் வெடிக்கலாம். நன்றாக ஆறிய பிறகே தொட்டியை மேல்கோடு வரை நிரப்பி, ஓடவிட்டு, உள்ளே சிக்கிய காற்று வெளியேறியதும் மட்டத்தை மறுபடி பார்க்க வேண்டும்.

வடித்த பழைய கூலன்டைச் சாக்கடையிலோ வாசலிலோ கொட்டக் கூடாது. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயும் பூனையும் நக்கிக் குடித்துவிடும், சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. இறுக மூடிய கேனில் சேர்த்து, பழைய ஆயில் வாங்கிக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டுக் கொடுக்கலாம்.