கட்டடத்துக்கும் காய்ச்சல் பார்க்கலாம்

குழந்தையின் உடம்பு சற்றே சுட்டாலும் தாயின் புறங்கை அதன் நெற்றியை நாடிச் சென்றுவிடும். வெப்பமானியைத் தேடுவதெல்லாம் அதன் பின்னர்தான். ஆனால் நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் வந்து போகும் கடைக்கும் காரியாலயத்துக்கும் காய்ச்சல் கண்டால், நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவர் யார்? இரும்புப் பெட்டிக்குள்ளும் கூரைக்கடியிலும் மறைந்திருக்கும் சூட்டைக் கண் காண்பதில்லை. புகை எழுந்த பின்னரே மூக்கு அதனை அறிகின்றது. அப்பொழுது காலம் கடந்துவிடுகின்றது.

எமக்கு நெடுநாட் பழக்கமுள்ள புடவைக் கடை முதலாளி ஒருவர், சில காலத்துக்கு முன் எம்மிடம் ஒரு கடிதத்தை நீட்டினார். அவருடைய மூன்று மாடிக் கட்டடத்தை வெப்பக் கமராவினாற் பரிசோதிப்பதற்கு எவ்வளவு கட்டணம் என்பது அதில் எழுதப்பட்டிருந்தது. “படம் பிடிப்பதற்கு இவ்வளவு காசா? கலியாண வீட்டுக்குப் படம் பிடிப்பவர்கூட இவ்வளவு கேட்பதில்லையே!” என்றார் அவர்.

கேள்வி நியாயமானதே. அதற்கு விடை காணும் பொருட்டுப் பரிசோதனை நடந்த அன்று நாமும் அவருடன் கூடச் சென்றோம். கண்டதையும் கேட்டறிந்ததையும் வாசகர்களுக்கு இங்கே கூறுகின்றோம்.

காணாத ஒளி

1800ஆம் ஆண்டில், வில்லியம் ஹேர்ஷல் என்னும் வானியல் அறிஞர் சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடி ஒன்றினூடாகச் செலுத்தி, அது பிரிந்து தோன்றிய நிறங்களின் வெப்பத்தை அளந்தார். சிவப்பு நிறத்துக்கு அப்பால், கண்ணுக்கு எதுவுமே தோன்றாத இடத்தில் வைத்த வெப்பமானியில் இரசம் மேலும் உயர்ந்தது. கண்ணுக்குப் புலப்படாத ஒளியும் உண்டு என்பதை உலகம் அன்று அறிந்தது. அதையே செங்கீழ்க் கதிர் என்கின்றோம். நாற்பது ஆண்டுகளின் பின், 1840இல், அவருடைய மைந்தர் ஜோன் ஹேர்ஷல், புகைக்கரி பூசிய மெல்லிய தாளை மதுசாரத்தால் நனைத்து, அது வெப்பத்தால் உலரும் வகையைக் கொண்டு முதல் வெப்பப் படத்தை உண்டாக்கினார்.

சூடுள்ள பொருள் யாவும் இக்கதிரை வீசுகின்றன. நமது உடம்பும், சுவரும், மின்கம்பியும் அதற்கு விலக்கல்ல. 1965இல் சுவீடன் தேசத்து ஆகா நிறுவனம், மின்கம்பித் தொடர்களைச் சோதிப்பதற்கான வெப்பக் கமராவை விற்பனைக்குக் கொணர்ந்தது. அக்காலத்துக் கமராக்கள் பாரமானவை. அவற்றின் உணர்கருவியை இடைவிடாது குளிரூட்டவும் வேண்டியிருந்தது. குளிரூட்டல் வேண்டாத நுண்ணிய உணர்கருவிகள் 1990களில் பொது உபயோகத்துக்கு வந்தபின் கமரா கைக்கு அடக்கமாயிற்று. இன்று கைத்தொலைபேசியிற் பொருத்தும் சிறு கருவியைச் சில நூறு டொலருக்கு வாங்கலாம். தொழில் நிபுணர் கையாளும் உயர்ந்த கமராக்களோ பல்லாயிரம் டொலர் பெறுவன.

படிக்கட்டின் கீழே

பரிசோதகர் இளைஞர். காலையிலேயே வந்துவிட்ட அவர், கடை நன்கு கூடும் வரை வேலையைத் தொடங்கவில்லை. முதலாளிக்குப் பொறுமை போயிற்று.

“ஏன் தம்பி காத்திருக்கிறீர்? கடை பூட்டிய பின் வந்திருந்தால் வசதியாய் இருந்திருக்குமே!”

“அப்பொழுது மின்சாரம் ஓடாது, ஐயா. ஓடாத கம்பி சூடாகாது. குளிரூட்டிகளும் விளக்குகளும் முழுதாய் வேலை செய்யும்போதுதான் குறை தெரியும்.”

வழமையான சுமையில் நூற்றுக்கு நாற்பது பங்காயினும் ஓடும்போதே இப்பரிசோதனை செய்யப்படவேண்டும் என்பது இத்துறையினர் கைக்கொள்ளும் விதி. பின்னர், அனுமதி பெற்ற மின்னியலாளர் ஒருவர் விநியோகப் பெட்டிகளின் மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். மூடிய இரும்பினூடாகக் கமரா பார்க்கமாட்டாது. உள்ளே மின்சாரம் ஓடிக்கொண்டிருக்க மூடியைக் கழற்றுவது உயிராபத்துள்ள வேலை. கட்டணத்தில் ஒரு பகுதி அவருடைய கூலி என்பது அப்பொழுது எமக்கு விளங்கியது.

பதினொரு பெட்டிகள் சுகமாயிருந்தன. பன்னிரண்டாவது, படிக்கட்டின் கீழே இருந்தது. கமராவின் சிறு திரையில் மூன்று கம்பி முனைகள் தோன்றின. இரண்டு நீல நிறமாய் 38 பாகையிலும், மூன்றாவது வெண்ணிறமாய் 71 பாகையிலும் நின்றன. மூன்றிலும் ஏறத்தாழ ஒரே அளவு மின்னோட்டமே சென்றுகொண்டிருந்தது. ஒரே வகையான உறுப்புகள் ஒரே சுமையைத் தாங்கும்போது அவற்றிடையே 15 பாகைக்கு மேல் வேறுபாடு இருப்பின் உடனே திருத்தவேண்டும் என்பது அமெரிக்க மின் சோதனையாளர் பின்பற்றும் நியமம். இங்கு வேறுபாடு 33 பாகை.

ஒரு சிறு கணக்கு

மாணவர்கள் இதைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். மின்னோட்டத்தைத் தன்னாலேயே பெருக்கி, வந்ததைத் தடையாற் பெருக்கினால் பிறக்கும் வெப்பத்தின் அளவு கிடைக்கும். இறுக்கமான பொருத்தொன்றின் தடை 0.0002 ஓம் என்போம். அதில் 60 அம்பியர் சென்றால் ஒரு வாற்றிலும் குறைந்த வெப்பமே உண்டாகும். ஆணி தளர்ந்து தடை 0.01 ஓம் ஆயின், வெப்பம் 36 வாற்று ஆகிவிடும். வானொலி திருத்துவோர் ஈயம் உருக்கும் பற்றாசுக் கோலின் சூடு ஏறத்தாழ இவ்வளவே. இனி, தீபாவளி வியாபாரத்தில் விளக்குகளும் குளிரூட்டிகளும் கூடி மின்னோட்டம் 120 அம்பியர் ஆயிற்றென்று கொள்க. சுமை இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகி, 144 வாற்றைத் தொடுகின்றது. ஒரு பெருவிரலளவு இடத்தில் இத்தனை சூடு! சூடேற ஏறப் பொருத்தும் மேலும் கெடுகின்றது.

கட்டணம் எங்கே போகின்றது?

கமராவை நீட்டும் கணப்பொழுதுக்கு எவரும் பணம் கேட்பதில்லை. படத்தைப் படிக்கும் அறிவுக்கே கேட்கின்றனர். இதற்கும் அன்றே ஒரு சான்று கிடைத்தது. இரண்டாம் மாடியிலே பளபளக்கும் உலோகத் தகடொன்று திரையில் ஒளிர்வதைக் கண்டு நாம் பதறினோம். இளைஞர் சிரித்துக்கொண்டே ஒரு பக்கம் விலகினார். ஒளியும் அவருடன் விலகியது. அது அவருடைய சொந்த உடம்புச் சூட்டின் பிரதிபலிப்பு! மினுக்கிய உலோகம் தன் சூட்டை மறைத்துப் பிறர் சூட்டைக் காட்டும். கண்ணாடியோ இக்கதிருக்குச் சுவர் போன்றது. அதனால்தான் வெப்பக் கமராவின் வில்லையை ஜெர்மேனியத்தாற் செய்கின்றனர். சுவரினூடாக இக்கமரா பார்க்கும் என்பதும் தவறான எண்ணமே. மேற்பரப்பின் சூட்டை மட்டுமே அது காட்டும். உட்புறத்தை உய்த்துணர்வது நிபுணரின் கடமை.

கட்டணத்தைக் கூட்டுவனவும் குறைப்பனவும் சில உள. பெட்டிகளின் தொகையும் கட்டடத்தின் பரப்பும் முதலாவது. கமராவின் நுட்பம் இரண்டாவது: 160க்கு 120 புள்ளிகள் கொண்ட கமரா 19,200 இடங்களை அளக்க, 640க்கு 480 கொண்டது 307,200 இடங்களை அளக்கின்றது. பரிசோதகர் பெற்ற பயிற்சியின் படிநிலை மூன்றாவது. எழுத்து மூலமான அறிக்கையும், திருத்தியபின் வந்து மறுபடி பார்ப்பதும் நான்காவது.

கூரையையும் சேர்த்தால் செலவு ஏறும். தட்டைக் கூரையின் வெப்பக் காப்புப் படை நனைந்திருந்தால், பகலில் ஏறிய சூட்டை நீர் எளிதில் விடாது. எனவே சூரியன் மறைந்தபின் ஈரமான இடம் தனித்துத் தெரியும். அதற்கு இரவு வேலை வேண்டும். சுவர்களிற் குளிர் கசிவதைக் காண்பதற்கு உள்ளும் புறமும் ஏறத்தாழ 10 பாகை வேறுபாடு வேண்டும் என்பர். குளிர் நாடுகளில் மாரி காலத்தில் அது எளிது. உள்ளே 24 பாகையும் வெளியே 31 பாகையுமாக இருக்கும் நம் ஊரில் வேறுபாடு 7 பாகையே. ஆகவே, நேரமறிந்து செய்யாத சுவர்ப் பரிசோதனைக்குக் கொடுக்கும் பணம் வீண்.

அமெரிக்காவில் இதற்குச் சிறு கட்டடமாயின் சில நூறு டொலரும், பெரிதாயின் ஆயிரக்கணக்கிலும் செல்லும். அந்நாட்டுத் தீத்தடுப்புச் சங்கம் 2023இல் வெளியிட்ட 70பீ என்னும் நியமம், மின் உபகரணங்களை ஆண்டுக்கொரு முறையேனும் வெப்பக் கமராவாற் பார்க்கவேண்டும் என்கின்றது. முன்னர் ஆலோசனையாக மட்டும் இருந்த அந்நூல் அவ்வாண்டிலேயே நியமமாயிற்று.

ஆகவே, பணம் கொடுக்குமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள். எத்தனை பெட்டிகளைத் திறந்து பார்ப்பீர்கள்? எந்தச் சுமையில் பார்ப்பீர்கள்? அறிக்கையில் வெப்பப் படத்துக்கருகே சாதாரணப் படமும் இருக்குமா? திருத்தியபின் மறுபடி வருவீர்களா? இவற்றுக்கு விடை கூறாதவர் கேட்கும் குறைந்த கட்டணமும் அதிகமே.

முதலாளி கேட்ட விலை

அன்று கடை பூட்டியபின் மின்சாரத்தை நிறுத்தி அந்த முனையைக் கழற்றினார்கள். கம்பியின் உறை கருகி நொறுங்கியிருந்தது. புது முனை பூட்டுவதற்கு அரைமணி நேரமே சென்றது. அதன் விலையும் அற்பம்.

முதலாளி அந்தக் கருகிய துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். பின்னர் தலையை நிமிர்த்திப் படிக்கட்டை நோக்கினார். அவர் எதை நினைத்தார் என்பது எமக்குத் தெரியும். கடையில் வேலை செய்யும் வெளியூர்ப் பையன்கள் நால்வர் மூன்றாம் மாடியிற் படுத்து உறங்குகின்றனர். அவர்கள் இறங்கி வருவதற்கு அந்த ஒரு படிக்கட்டுத்தான் உண்டு.

“பதினொரு பெட்டியில் ஒன்றும் இல்லை என்றதும் காசு வீணாயிற்று என்று நினைத்தேன்,” என்றார் மெதுவாக. “வைத்தியர் நோயில்லை என்றால் நாம் காசைத் திருப்பிக் கேட்பதில்லையே.”

மறுவாரம் நாம் அவ்வழியே சென்றபோது, கட்டடத்தின் பின்புறத்தில் இரும்புப் படிக்கட்டு ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள்.