உங்களுக்குத் தெரியுமா? ராக்கெட் தனியாருடையது, பொறுப்பு நாட்டினுடையது!

அடையாறை ஒட்டிய சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த நிறுவனம் அக்னிகுல் காஸ்மாஸ். 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சொந்த ஏவுதளத்திலிருந்து ‘அக்னிபான்’ சோதனை ராக்கெட்டை அது பறக்கவிட்டது. அதன் எஞ்சின் முப்பரிமாண அச்சு முறையில் ஒரே துண்டாகச் செய்யப்பட்டது.

இப்படித் தனியார் ஏவும் ராக்கெட்டோ செயற்கைக்கோளோ வேறொரு நாட்டில் விழுந்து சேதம் விளைவித்தால், அந்த நாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியது இந்திய அரசுதான். 1967 விண்வெளி ஒப்பந்தமும் 1972 பொறுப்பு உடன்படிக்கையும் அப்படித்தான் சொல்கின்றன. தரையில் நேரும் சேதம் என்றால், தவறு யாருடையது என்று நிரூபிக்கக்கூட வேண்டாம். பணத்தை நிறுவனத்திடம் திரும்ப வசூலிப்பது உள்நாட்டு விஷயம்.

1978-இல் அணு உலையோடு சுற்றிய சோவியத்தின் காஸ்மாஸ் 954 செயற்கைக்கோள் கனடாவின் வடபகுதியில் சிதறி விழுந்தது. கனடா இழப்பீடாகக் கேட்டது சுமார் 60 லட்சம் டாலர். 1981-இல் கிடைத்தது 30 லட்சம்.

விபத்துக்கு விதி உண்டு. செயற்கைக்கோளை வேண்டுமென்றே உடைப்பதற்குத்தான் இல்லை. கவலைக்குரிய ஓட்டை இதுவே. சுற்றுப்பாதையில் அணு ஆயுதம் வைக்க 1967 ஒப்பந்தம் தடை விதிக்கிறது. ஒரு நாடு தன் செயற்கைக்கோளைத் தானே ஏவுகணையால் தகர்ப்பதை அது தடுக்கவில்லை. 2019 மார்ச் 27 அன்று ‘மிஷன் சக்தி’ சோதனையில் இந்தியா மைக்ரோசாட்-ஆர் செயற்கைக்கோளைத் தகர்த்தது. சிதறல்கள் விரைவில் வளிமண்டலத்தில் எரிந்துபோகட்டும் என்றே 300 கி.மீ.க்கும் குறைந்த உயரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆனாலும் சில துண்டுகள் ஓராண்டுக்கும் மேல் சுற்றின. இத்தகைய சோதனைகளைக் கைவிடக் கோரும் தீர்மானம் 2022 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் நிறைவேறியபோது, இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது.