பாம்புப் பானையும் பத்மஸ்ரீ விருதும்

மாசி மாதத்துப் பௌர்ணமி. மாமல்லபுரம் கடற்கரையில் அன்று திரும்பிய பக்கமெல்லாம் கூடாரங்கள். நாலு கழிகளை நட்டு, பழைய புடவைகளைச் சுற்றிக் கட்டி, குடும்பம் குடும்பமாக இருளர்கள் வந்து இறங்கியிருப்பார்கள். செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பல திசைகளிலிருந்தும் அவர்கள் வருகிறார்கள். அலையோரத்தில் கன்னியம்மனுக்குப் பூஜை நடக்கும். பெண் பார்ப்பது, பேசி முடிப்பது, தாலி கட்டுவது எல்லாம் அந்த மணல் மேலேயே நடந்துவிடும். பூஜை முடிந்ததும் கூடாரங்களைப் பிரித்துச் சுருட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடுவார்கள்.

கற்கோயிலைப் பார்க்க வரும் உல்லாசப் பிரயாணிகள் இந்தக் கூட்டத்தை ஒரு வேடிக்கையாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் பாம்பு கடித்து, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு உயிர் பிழைத்த ஒருவர் அந்தப் பக்கம் வந்தால், நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போகவேண்டும். அவர் உடம்பில் ஏறிய மருந்துக்கு ஆதாரமான விஷம், இந்தக் கூட்டத்தில் இருக்கும் யாரோ ஒருவர் வரப்போரத்தில் பிடித்த பாம்பிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

உழைப்பவர் ஒருவர், பெயர் வாங்குபவர் வேறொருவர் என்ற குறை ஆபீஸ் குமாஸ்தாவிலிருந்து ஆலைத் தொழிலாளி வரை எல்லோருக்கும் உண்டு. செய்த வேலைக்கு மதிப்புக் கிடைக்கவில்லையே என்று பெருமூச்சு விடுகிறவர்கள், இந்த இருளர்களின் கதையைக் கேட்பது நல்லது.

கல்லில் கிடைத்த பெயர்கள்

மாமல்லபுரத்துக்கே இது பழைய விஷயம்தான். அங்கே பாறையைக் குடைந்த ஆயிரக்கணக்கான கைகளில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்? மன்னர்களின் விருதுப் பெயர்கள் வரிசை வரிசையாகக் கல்லில் இருக்கின்றன. உளி பிடித்தவன் பெயர்தான் இல்லை. பக்கத்தில் பூஞ்சேரியில் ஒரு பாறையில் மட்டும் கேவாத பெருந்தச்சன், குணமல்லன் என்று சில பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. வேலை செய்த சிற்பிகளின் பெயர்களாக இவை இருக்கவேண்டும் என்பது அறிஞர்கள் கருத்து. அத்தனை பெரிய வேலைக்கு மிஞ்சியவை இந்தச் சில பெயர்கள்தான்.

இருளர்களுக்கு அந்தப் பாறை கூட இல்லை. அவர்களுடைய வித்தை கல்லில் நிற்பதில்லை; மண்ணில் தெரிகிறது. வயல் வரப்பில் புழுதி இலேசாக விலகியிருக்கும். நமக்கு அது வெறும் புழுதி. இருளருக்கு அது எழுத்து. போனது எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போயிற்று, எப்போது போயிற்று என்று சொல்லிவிடுவார். உரித்துப் போட்ட சட்டை, வளை வாயிலில் கிடக்கும் எச்சம், மண்ணின் வழவழப்பு எல்லாம் அவருக்குச் சாட்சி. பிறகு கடப்பாரையை எடுத்துப் பக்குவமாகத் தோண்டுவார். பாம்பு கையில் வரும்.

தோலுக்கு இருந்த மவுசு

ஒரு காலத்தில் இந்த வித்தைக்கு ஒரே சந்தைதான் இருந்தது. அது தோல் சந்தை. பாம்புத் தோலில் செய்த கைப்பைகளுக்கும் செருப்புகளுக்கும் வெளிநாடுகளில் ஏக கிராக்கி. தோல் கப்பலேறியது. வியாபாரிகள் பணம் சம்பாதித்தார்கள். பிடித்துக் கொடுத்தவருக்குக் கிடைத்தது அன்றைய அரிசிக்கான காசு. சீமையில் பை வாங்கிய சீமாட்டிக்கு, செங்கற்பட்டுப் பக்கத்து இருளர் ஒருவர் இருக்கிறார் என்பதே தெரியாது.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதையடுத்துச் சில வருஷங்களில் பாம்புத் தோல் ஏற்றுமதிக்கும் தடை வந்தது. பாம்புகளுக்கு அது நல்ல காலம். இருளர்களுக்கோ இருந்த ஒரே வரும்படியும் நின்றது. நேற்று வரை தொழிலாக இருந்தது இன்று குற்றமாகிவிட்டது. இனி என்ன செய்வது?

சங்கம் பிறந்தது

இந்த இடத்தில் கதைக்குள் வருகிறார் ராமுலஸ் விட்டேகர். நியூயார்க்கில் பிறந்து, சிறு வயதிலேயே இந்தியாவுக்கு வந்தவர். சென்னையில் பாம்புப் பண்ணையும், 1976-இல் மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையும் ஏற்படுத்தியவர். இருளர்களோடு காடு மேடெல்லாம் அலைந்து அவர்களிடம் வித்தை கற்றவர். பாம்பைக் கொல்லாமலே பிழைக்க வழியுண்டு என்று அவருக்குத் தெரியும். தோலுக்குப் பதில் விஷம்!

1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. இன்றும் அது வடநெம்மேலியில் முதலைப் பண்ணை வளாகத்தில் நடந்து வருகிறது. பிடிப்பவர்களே அதன் அங்கத்தினர்கள். நடுவில் தரகர் கிடையாது.

சங்கத்துக்குப் போய்ப் பார்த்தால் வரிசையாக மண் பானைகள். வாய் துணியால் கட்டப்பட்டிருக்கும். பானைகளுக்குள் பாம்புகள்! நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலு வகைதான் இங்கே முக்கியம். நம் நாட்டில் கடித்துச் சாகடிப்பதில் பேர்போனவை இவை.

பாம்பின் தலையைப் பிடித்து, மெல்லிய உறை போட்டு மூடிய கண்ணாடிக் குடுவையைக் கடிக்க விடுகிறார்கள். துளித் துளியாக விஷம் இறங்குகிறது. வாரத்துக்கு ஒரு தடவை வீதம், மூன்று நாலு வாரம் இப்படி எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வெட்டி, பாம்பைக் காட்டிலே விட்டுவிடுவார்கள். அடையாளம் தெரிகிற பாம்பை உடனே மறுபடி பிடிப்பதில்லை.

எடுத்த விஷத்தை உறைய வைத்து உலர்த்திப் பொடியாக்கி, மருந்துக் கம்பெனிகளுக்கு விற்கிறார்கள். அங்கே அதைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றுகிறார்கள். குதிரையின் இரத்தத்தில் விஷ எதிர்ப்புச் சக்தி உண்டாகிறது. அதைப் பிரித்தெடுத்துத்தான் ஊசி மருந்து தயாராகிறது. இந்தியாவில் இந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும் பகுதி பல வருஷங்களாக இந்த ஒரு சங்கத்திலிருந்துதான் போய்க்கொண்டிருக்கிறது. 2000 முதல் 2019 வரையிலான கணக்கை ஆராய்ந்தவர்கள், நம் நாட்டில் வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாகச் சொல்கிறார்கள். மருந்தும் இல்லாவிட்டால் கதி என்ன?

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. இருளரின் வித்தை பழைய வித்தைதான். ஆனால் சங்கம் வந்த பிறகு அதற்கு ஒரு கணக்கு வந்தது. என்ன பாம்பு, பிடித்தது யார், எடுத்த விஷம் எத்தனை கிராம் என்று பதிவேட்டில் ஏறியது. ஏட்டில் ஏறிய உழைப்பை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. தனி ஆளாகச் சந்தையில் நின்றபோது, விலை சொன்னவன் வியாபாரி. சங்கமாக நின்றபோது விலை பேச முடிந்தது.

கடல் கடந்த பரீட்சை

2017-ஆம் வருஷத் தொடக்கத்தில் ஓர் அதிசயம் நடந்தது. அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்திலிருந்து அழைப்பு! அங்கே சதுப்புக் காடுகளில் பர்மா மலைப்பாம்புகள் பெருகிவிட்டன. வளர்ப்பதற்கென்று கொண்டுவரப்பட்டுப் பிறகு காட்டில் சேர்ந்தவை. கண்ணில் பட்ட பிராணிகளையெல்லாம் விழுங்கித் தீர்த்தன. 2016-இல் ஒரு போட்டி வைத்தார்கள். ஆயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்டு, ஒரு மாதம் தேடி, பிடித்தது 106 பாம்புதான்.

செங்கற்பட்டு மாவட்டத்து இருளர்களான திரு. மாசி சடையனும் திரு. வடிவேல் கோபாலும் விமானம் ஏறினார்கள். பள்ளிக்கூடப் படிப்பு கிடையாது. பேசுவதற்குத் துபாஷி வேண்டும். மலைப்பாம்பு அவர்கள் தினமும் பிடிக்கும் ஜாதியும் அல்ல.

உள்ளூர் வேட்டைக்காரர்கள் சாலையோரமும் கரையோரமும் தேடுவது வழக்கம். இவர்களோ அடர்ந்த புதருக்குள்ளே நேராக நடந்தார்கள். தடம் பார்த்தார்கள்; எச்சம் பார்த்தார்கள். இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகள் அகப்பட்டன! அவற்றில் ஒன்று 16 அடி நீளப் பெண் பாம்பு. கைவிடப்பட்ட ஒரு பழைய ஏவுகணைத் தளத்தில் பதுங்கியிருந்தது. அந்த நாட்டுப் பத்திரிகைகள் இருவரையும் பற்றிப் பத்தி பத்தியாக எழுதின.

உள்ளூரில் இருந்தவரை “பாம்பு பிடிக்கிறவன்” என்று ஒருமையில் கூப்பிடப்பட்ட வித்தை, கடல் கடந்து போய் வந்த பிறகு “நிபுணத்துவம்” ஆகிவிட்டது. வித்தை மாறவில்லை. பார்த்த கண்கள்தான் மாறின.

காலம் கடந்து வந்த கௌரவம்

2018-இல் விட்டேகருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஐந்து வருஷம் கழித்து, 2023-இல், வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் அதே விருது வந்தது. வித்தையைக் கற்றுக்கொண்டவருக்கு முதலில், கற்றுக்கொடுத்தவர்களின் குலத்துக்குப் பிறகு! உலக வழக்கம் பெரும்பாலும் இப்படித்தான். ஆனாலும் இருளர்களின் உழைப்பை மேலிடத்தில் எடுத்துச் சொல்ல விட்டேகரைப் போல ஒருவர் இல்லாதிருந்தால், அந்த இரண்டாவது அழைப்பும் வந்திராமல் போயிருக்கலாம்.

விருது வந்துவிட்டது. கஷ்டம் தீர்ந்ததா என்றால், அதுதான் இல்லை. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பிராணிகள் ஆதலால், எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு அரசாங்க அனுமதி வேண்டும். உத்தரவு வரத் தாமதமானால் பானைகள் காலி, அடுப்பும் அணைந்துவிடும். சாதிச் சான்றிதழுக்காகப் பல இருளர் குடும்பங்கள் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடக்கின்றன. அது இல்லாமல் பிள்ளைகளுக்குச் சலுகையில் மேற்படிப்பு ஏது?

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒரே வகைப் பாம்பானாலும் வட்டாரத்துக்கு வட்டாரம் விஷம் வேறுபடுகிறது என்று விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். இந்தப் பக்கத்துப் பாம்பின் விஷத்தில் செய்த மருந்து, தூரத்து மாநிலங்களில் அதே அளவு பலிக்காமல் போகலாம். அங்கங்கே விஷம் சேகரிக்க வேண்டிய காலம் வருகிறது. இதைக் கண்டு சங்கம் கலங்கலாம். வேறு விதமாகவும் யோசிக்கலாம். புதிய இடங்களில் பாம்பைக் கொல்லாமல் பிடித்து, விஷம் எடுத்து, திரும்ப விடக் கற்றுக்கொடுக்க இவர்களைவிடத் தேர்ந்த வாத்தியார் யார்? பிடிப்பவராக இருந்தவர் ஆசிரியராக உயர்வதுதானே உண்மையான பதவி உயர்வு?

தாமும் உழைத்தும் பெயர் கிடைக்காதவர்களுக்கு இந்தக் கதையில் பாடம் இல்லாமல் இல்லை. வித்தை மட்டும் போதாது. அதற்குக் கணக்கு வேண்டும். தனியே முணுமுணுப்பதைவிடச் சேர்ந்து நிற்பது பலன் தரும். நம் வேலையை அறிந்து சொல்ல ஒரு நல்ல மனிதரைத் தேடிக்கொள்வதும் அவசியம். பரீட்சை வரும்போது, அது பழக்கமில்லாத காடாக இருந்தாலும், இறங்கி நடக்க வேண்டும்.

பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். அதை இருளரும் அறிவார். அறிந்தவர் அருமையை நாடு அறிவதற்குத்தான் இத்தனை காலம் பிடித்தது. அடுத்த மாசிப் பௌர்ணமிக்கு மாமல்லபுரம் போகிறவர்கள், கற்சிலைகளைப் பார்த்த கண்ணோடு அந்தப் புடவைக் கூடாரங்களையும் சற்று நின்று பார்க்கட்டும்.