அத்திவாரம் போடுமுன் காணியைப் பாருங்கள்

மண்முனைப் பாலம் ஜப்பானின் நன்கொடையில் 2014இல் திறக்கப்படும் வரை, ஆரையம்பதிப் பக்கமிருந்து கொக்கட்டிச்சோலைக்கு வர மட்டக்களப்பு வாவியைப் பாதை எனும் மிதவையில்தான் கடக்க வேண்டியிருந்தது. 210 மீற்றர் நீளமுள்ள அந்தப் பாலம் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையை மட்டக்களப்பு நகரத்துக்குக் கிட்டவாக்கிவிட்டது. நகர அபிவிருத்திப் பேச்சு இந்தப் பக்கம் திரும்பும்போது, காசைக் கொட்டும் கொம்பனிக்கு எங்கே அடி விழும் என்பதைக் கொழும்பின் அனுபவம் காட்டுகிறது.

கொழும்புத் துறைமுக நகரத்தை 2014 செப்டெம்பரில் சீன ஜனாதிபதி வந்து தொடக்கி வைத்தார். ஆறு மாதத்தில் ஆட்சி மாறி வேலை நின்றது. நாளொன்றுக்கு 3,80,000 டொலர் அளவில் நட்டம் என்றது திட்டத்தைச் செய்த சீன நிறுவனம். 2016இல் புதிய உடன்படிக்கை செய்த பிறகே வேலை முழுமையாக நகர்ந்தது. கடலை நிரப்பி எடுத்த நிலத்துக்கே இந்தக் கதி.

அடுத்தது நாணயம். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறக்குறைய 200 ரூபாய். மே மாதத்தில் 360. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் கூட்டியது. வீட்டை ரூபாயில் விற்றுவிட்டு, மின்தூக்கியையும் கண்ணாடியையும் டொலரில் வாங்க இருந்தவர்களின் கணக்கு அத்தோடு குலைந்தது.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து காணியும் அதில் குடியிருப்பவர்களும்தான். கொழும்பு கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் 2010 மே மாதம் படையினரின் துணையோடு வீடுகள் இடிக்கப்பட்டன. விடயம் நீதிமன்றம் போனது. அதே கொம்பனித்தெருவில், மாடிவீடு தருவதாகச் சொல்லி எழுப்பப்பட்ட குடும்பங்கள் பல ஆண்டுகள் வாடகை வீடுகளில் காத்துக் கிடந்தன. நிலத்தில் முடங்கிய காசுக்கோ வட்டி ஏறிக்கொண்டே போகும். குடியிருப்பவரின் சம்மதத்தை வாங்காமல் மிச்சம் பிடித்த செலவு வழக்காகவும் தாமதமாகவும் திரும்பி வரும்.

கொக்கட்டிச்சோலையில் இது இன்னும் சிக்கலானது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த அரச காணி, பிரதேச செயலாளரின் சம்மதமின்றிக் கைமாறாது. கையில் இருப்பது உறுதியா அனுமதிப்பத்திரமா என்று பார்க்காமல் முற்பணம் கொடுப்பவர் காசை இழக்கலாம். போரில் இடம்பெயர்ந்தவர்களின் பத்திரங்கள் தொலைந்தும் போயிருக்கலாம். பத்திரத்தோடு வெள்ளத்தையும் பார்க்க வேண்டும்: 2011 ஜனவரி வெள்ளத்தில் படுவான்கரை எப்படித் தனித்துப் போனது என்பதை இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இன்னொன்றையும் மறக்க முடியாது. கொக்கட்டிச்சோலைக்குப் பக்கத்து மகிழடித்தீவில் வெளிநாட்டு முதலீட்டோடு நடந்த இறால் பண்ணையில், 1987 ஜனவரியில், வேலைக்குப் போன தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொம்பனி இழந்தது முதல்; குடும்பங்கள் இழந்தது உயிர்களை. இங்கே முதலிட வருபவர் அந்த வரலாற்றையும் அறிந்து வர வேண்டும்.

ஆகவே, எந்தத் திட்டம் வந்தாலும் அடிக்கல் நாட்டுமுன் காணியின் பத்திரம், வெள்ள மட்டம், எழுப்பப்படும் குடும்பங்களோடு செய்த ஒப்பந்தம் ஆகிய மூன்றையும் பிரதேச சபை அலுவலகத்தில் எல்லோரும் வாசிக்கும்படி ஒட்டச் சொல்லிக் கேளுங்கள்.