முழங்கால் மூட்டு அறுவை: முன்னும் பின்னும்



குனிந்து பால்மரம் வெட்டி, குந்தி உட்கார்ந்து செம்பனைப் பழம் பொறுக்கி, இருபது முப்பது வருஷம் உழைத்த முழங்கால் ஐம்பது வயசுக்கு மேல் தகராறு பண்ணுவது சகஜம். மூட்டில் எலும்பும் எலும்பும் உரசாமல் இருக்க வழவழப்பான குருத்தெலும்பு இருக்கிறது. அது தேய்ந்து போனால் வலி, வீக்கம், காலையில் விறைப்பு எல்லாம் வரும். நாளடைவில் காலும் வளைந்துவிடும்.

எல்லாருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. எடையைக் குறைத்து, தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுத்தால் பலருக்குக் குணம் தெரியும். கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, முழங்காலின் பின்பக்கத்தை மெத்தையோடு அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடியுங்கள். ஒரு தடவைக்குப் பத்து முறை, நாளைக்கு மூன்று தடவை செய்யலாம். இதெல்லாம் செய்தும் நடக்கவோ தூங்கவோ முடியாத வலி இருந்து, எக்ஸ்ரேயிலும் தேய்மானம் கடுமையாகத் தெரிந்தால்தான் டாக்டர் மூட்டை மாற்றச் சொல்வார்.

"கத்தி வைத்தால் கால் போச்சு" என்று லயத்தில் பேசுவதைக் கேட்டுப் பயப்படாதீர்கள். இந்தியப் பிரதமராக இருந்த வாஜ்பாய்க்கு 2000 அக்டோபரில் பம்பாயில் இடது முழங்காலும், 2001 ஜூனில் வலது முழங்காலும் மாற்றப்பட்டன. முதல் ஆபரேஷனின்போது அவருக்கு வயது 75. அதன்பிறகு 2004 வரை பிரதமர் வேலையைப் பார்த்தார். அறுவை செய்த டாக்டர் சித்தரஞ்சன் ரணாவத், 1970-களில் நியூயார்க்கில் இன்றைய செயற்கை முழங்காலுக்கு முன்னோடியானதை உருவாக்கியவர்களில் ஒருவர்.

காலை வெட்டி எடுப்பதில்லை. தேய்ந்த எலும்பு முனையை மட்டும் சீவி, உலோக மூடி பொருத்தி, நடுவில் கெட்டிப் பிளாஸ்டிக் வைப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது 15, 20 வருஷத்துக்கு மேல் தாங்கும்.

ஆபரேஷனுக்கு முன்

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்க வேண்டும். சிகரெட்டை விடுங்கள். சொத்தைப் பல், காலில் புண் இருந்தால் முதலில் ஆற்றிக்கொள்ளுங்கள். அங்கிருந்து கிருமி புது மூட்டுக்குப் போகும்.

வலிக்கு ஜாமுவும் பேர் தெரியாத மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் மறைக்காதீர்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு எச்சரித்திருக்கிறது. அது சர்க்கரையை ஏற்றும், புண்ணை ஆறவிடாது. நீங்களாகத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் வார்டு கட்டணம் குறைவு. ஆனால் செயற்கை மூட்டுக்குத் தனியாகப் பணம் கட்டச் சொல்வதுண்டு. முடியாதவர்கள் அங்குள்ள மருத்துவ சமூகநலப் பிரிவைப் பாருங்கள். 2019-ல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில் மருத்துவக் கருவிக்கு 20,000 வெள்ளி வரை உதவி உண்டு. உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று கேளுங்கள். வேலையில் அடிபட்ட முழங்கால் என்றால் சொக்சோவுக்கு மனு போட மறக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

பினாங்கு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து, பக்கத்தில் சுங்கை பினாங் அடுக்குமாடியில் பிள்ளைகள் வீட்டில் தங்குகிறவர்கள் உண்டு. லிப்ட் வேலை செய்கிறதா, எத்தனை படி ஏற வேண்டும் என்று முன்கூட்டியே பாருங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில்; இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில்.

பொதுவாக மறுநாளுக்குள்ளேயே எழுப்பி நடக்க வைப்பார்கள். "பாவம், வலிக்குது" என்று வீட்டார் படுக்க வைத்தால் மூட்டு இறுகிவிடும். முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்தால் கால் மடங்கியே நின்றுவிடும். குதிகாலுக்குக் கீழே வையுங்கள். குந்தும் கக்கூசும் தாழ்ந்த மணையும் வேண்டாம்.

எண்ணெய் போட்டு உருவிவிடவே கூடாது. கெண்டைக்காலில் ரத்தம் கட்டியிருந்தால் அது கிளம்பி நுரையீரலை அடைத்து உயிரைப் பறிக்கும்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், காய்ச்சல் வந்தாலும், தையலில் சீழ் அல்லது சிவப்பு தெரிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி என்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 999-க்கு அழையுங்கள்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏற ஆசைப்படுகிறவர்கள், அங்கே 500-க்கு மேல் படி இருப்பதை நினைத்து, முதலில் டாக்டரைக் கேளுங்கள். சந்தேகம் எதுவானாலும் தோட்டத்து மருந்தகத்துக்கு வாருங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டில் முடங்கிக் கிடக்காதீர்கள்.