கேஸ் லைட்டருக்குள் ஒரு போட்டோ ஸ்டூடியோ!

அடுப்பைப் பற்றவைக்க ‘டிக்’கென்று அமுக்குகிறோமே லைட்டர், அதற்குள் இருக்கும் சூட்சுமம்தான் பல வீடுகளில் போட்டோவும் பிரிண்ட் போட்டுத் தருகிறது, தெரியுமா? லைட்டரில் ஒரு படிகத்தின்மேல் அடி விழுகிறது. மின்சாரம் பிறந்து பொறி பறக்கிறது. எப்சன் பிரிண்டரில் அதே வித்தை தலைகீழாக! படிகத்துக்கு மின்சாரம் போகிறது. அது இம்மியளவு வளைகிறது. மை துளியாகத் தெறிக்கிறது. நொடிக்குப் பல ஆயிரம் முறை!

கேனன் கதை இன்னும் சுவாரஸ்யம். 1977. ஜப்பானில் இச்சிரோ எண்டோ குழுவினரின் ஆய்வுக்கூடம். மை நிரப்பிய ஊசியின்மேல் சூடான சால்டரிங் அயர்ன் தவறிப்போய்ப் பட்டுவிட்டது. ஊசி முனையில் மை பீறிட்டது! நாமாக இருந்தால் மேஜையைத் துடைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்போம். அவர்களோ அதையே பிடித்துக்கொண்டார்கள். மையைச் சூடாக்கினால் குமிழி எழும், குமிழி துளியை வெளியே தள்ளும். அதுதான் ‘பபுள் ஜெட்’!

துளி எவ்வளவு பெரிது என்கிறீர்கள்? நல்ல போட்டோ பிரிண்டர்கள் சிலவற்றில் 1.5 பிகோலிட்டர். ஒரு மில்லிலிட்டர் மையை இப்படித் துளித்துளியாகப் பிரித்தால் 66 கோடிக்கும் மேல்! இந்திய ஜனத்தொகையில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஆளுக்கொரு துளி கொடுக்கலாம். அப்படியும் குழந்தையின் கன்னம் போன்ற வெளிர் இடங்களில் புள்ளி தெரிந்துவிடக் கூடாதே என்று, சில பிரிண்டர்களில் வெளிர்நீலம், வெளிர்ரோஸ் என்று தனி மையே வைக்கிறார்கள்.

மைத்துளியில் போட்டோ போடும் இந்தக் கதையில் ஒரு ராக் பாடகருக்கும் பங்குண்டு. கிரஹாம் நாஷ்! புகைப்படப் பைத்தியம். அச்சகங்கள் மாதிரிப் பிரதி பார்க்க வைத்திருந்த ‘ஐரிஸ்’ இயந்திரத்தை 1,26,000 டாலர் கொடுத்து வாங்கி, தடித்த ஓவியத் தாள் நுழைய வேண்டுமென்று அதன் உள்ளுறுப்பையே மாற்றச் செய்தார். வாரன்டி போயே போச்சு! 1991-இல் கலிஃபோர்னியாவில் அதை வைத்து அச்சுக்கூடமே திறந்தார். அந்த இயந்திரம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில்.

சரி, நம் வீட்டு மேஜைக்கு வருவோம். 4×6 அங்குலப் படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் மொத்தம் 21.6 லட்சம் பிக்சல் போதும். உங்கள் போனில் அதைப்போலப் பல மடங்கு உண்டு! ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படம் சுருங்கி வந்த படம். ‘டாக்குமென்ட்’டாக அனுப்பச் சொல்லுங்கள்.

பிரிண்டரைவிடத் தாள்தான் முக்கியம் என்பது என் கட்சி. ஜெராக்ஸ் தாளில் மை நாருக்குள் ஊறிப் பரவிவிடும். போட்டோ தாளின் மேற்பூச்சு துளியை விழுந்த இடத்திலேயே பிடித்து நிறுத்தும். எந்தப் பக்கம் பூச்சு என்று குழப்பமா? விரலை லேசாக ஈரப்படுத்தி ஓரத்தில் தொடுங்கள். ஒட்டினால் அதுதான்! சில தாள்கள் பளீரென்று வெளுத்திருப்பதற்குக் காரணம், சலவைத்தூளில் வெள்ளைக்காகச் சேர்க்கிற அதே வகைப் பொருள்.

பிரிண்டரை மாதக்கணக்கில் மூடி வைத்தால் மை காய்ந்து துவாரம் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு கலர் பக்கமாவது போடுங்கள்.

இன்னொன்று. தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும் பிரிண்டிலிருந்து மணிக்கணக்கில் ஆவி வந்துகொண்டிருக்கும்! தாத்தா படத்தைச் சுடச்சுட ஃபிரேம் போட்டு மாட்டினேன். மூன்றாம் நாள் பார்த்தால் கண்ணாடியின் உட்புறம் முழுக்கப் புகை படிந்ததுபோல மங்கல். “தாத்தா சுருட்டு பிடிக்கிறாரா?” என்றாள் மகள். பிரித்துத் துடைத்தேன். மேலே வெள்ளைத்தாள் ஒன்றால் மூடி ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டு, பிறகுதான் மாட்டினேன்.