வைஃபை கனெக்ட் ஆகுது, ஆனா நெட் வரலையா? லினக்ஸ் லேப்டாப்பில் சரிசெய்வது எப்படி?

வைஃபை சிக்னல் ஃபுல்லா காட்டுது. ஆனா பிரவுசரில் ஒரு பக்கம்கூட திறக்கல. லினக்ஸ் பயன்படுத்தும் பலரும் சந்திக்கும் சிக்கல் இது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப்களில் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவற்றைப் போட்டுப் பயன்படுத்த முடியும். தமிழ்நாடு அரசு முன்பு வழங்கிய விலையில்லா லேப்டாப்களிலும் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் இருந்தது.

நெட் வரலைன்னதும் சிலர் நேராக ஃபார்மேட் போட்டுவிடுகிறார்கள். பேக்கப் எடுக்காத போட்டோ, புராஜெக்ட் எல்லாம் அதோடு போய்விடும். பெரும்பாலும் அதற்கு அவசியமே இருக்காது. கோளாறு எங்கே என்று வரிசையாகப் பார்த்தால் போதும்.

1. ரவுட்டரா, லேப்டாப்பா?

போனில் மொபைல் டேட்டாவை ஆஃப் செய்துவிட்டு, அதே வைஃபையில் இணையுங்கள். போனிலும் நெட் இல்லை என்றால் லேப்டாப் மீது தப்பில்லை. ரவுட்டரை அரை நிமிடம் ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்.

2. வைஃபை பட்டியலே வரலையா?

ஃப்ளைட் மோட் ஆனில் இருக்கிறதா, கீபோர்டில் உள்ள வைஃபை பட்டன் தெரியாமல் அழுத்தப்பட்டதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் டிரைவர் சிக்கலாக இருக்கலாம். பிராட்காம் சிப் உள்ள பழைய லேப்டாப்களில் இது அதிகம்.

டிரைவரை இறக்கவே நெட் வேண்டுமே? போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, ‘யூஎஸ்பி டெதரிங்’ ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதை கேபிள் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். பிறகு உபுண்டுவில் ‘அடிஷனல் டிரைவர்ஸ்’, மின்ட்டில் ‘டிரைவர் மேனேஜர்’ திறந்து டிரைவரைப் போடலாம்.

3. ஐபி முகவரி கிடைத்ததா?

செட்டிங்ஸில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரக் குறியை அழுத்துங்கள். வீட்டு இணைப்பில் ஐபி பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். ஐபியே இல்லை, அல்லது 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் முகவரி தரவில்லை என்று அர்த்தம். ‘ஐபிவி4’ பகுதியில் ‘ஆட்டோமேட்டிக்’ தேர்வாகி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்த வைஃபையை ‘ஃபர்கெட்’ செய்து மீண்டும் பாஸ்வேர்டு போட்டு இணையுங்கள்.

4. டிஎன்எஸ் சிக்கலா?

டெர்மினலில் ‘பிங்’ கட்டளையுடன் 8.8.8.8 என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். வரிவரியாகப் பதில் வந்தால் நெட் இருக்கிறது. லினக்ஸில் இது தானாக நிற்காது. கன்ட்ரோலும் சி-யும் சேர்த்து அழுத்தினால் நிற்கும்.

பதில் வருது, ஆனா வெப்சைட் திறக்கலையா? வெப்சைட் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ். அங்கேதான் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். அதே ‘ஐபிவி4’ பகுதியில் டிஎன்எஸ் ‘ஆட்டோமேட்டிக்’ என்பதை ஆஃப் செய்து, 1.1.1.1, 8.8.8.8 என்று கமா போட்டுக் கொடுத்து சேவ் செய்யுங்கள். வைஃபையை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்தால் மாற்றம் நடைமுறைக்கு வரும்.

5. தேதியைப் பார்த்தீர்களா?

பழைய லேப்டாப்பின் மதர்போர்டில் உள்ள சின்ன பேட்டரி தீர்ந்தால், தேதி பல வருடம் பின்னால் போய்விடும். வெப்சைட்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குக் காலக்கெடு உண்டு என்பதால், ‘பாதுகாப்பற்ற தளம்’ என்று பிரவுசர் தடுக்கும். தேதி, நேரத்தைச் சரிசெய்தாலே பக்கம் திறந்துவிடும்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், நேரமே இல்லை என்றால்? யூஎஸ்பி டெதரிங்கில் முதலில் விண்ணப்பத்தை முடித்துவிடுங்கள். ரிப்பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஃபார்மேட்தான் ஒரே வழி என்று கடையில் சொன்னாலும், முக்கியமான ஃபைல்களை பென் டிரைவில் எடுத்த பிறகே லேப்டாப்பைக் கொடுங்கள். அதற்கு நெட் தேவையே இல்லை.